கோளக் கொத்தும் முதல் தட்டும்

அந்தத் தபாலை எனக்கு முன்னால் யாரோ பிரித்திருந்தார்கள். இந்தக் கதையில் என் முதல் கோபம் அதுதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் பெயருக்கு வந்த தபால் கிழிந்து கிடந்தால் பசுமாட்டுக்கும் கோபம் வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே, இன்னும் கொஞ்சம் எட்டிப் போட்டு நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் என்கிற தூரத்தில் எங்கள் தோட்டம். கோயமுத்தூரில் விடுதியில் தங்கி இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பதிலுக்காக இரண்டு மாதமாகத் தபால்காரரின் சைக்கிள் மணியையே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்துக் குளிக்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றார். கையில் உறை. காதில் பென்சில் செருகிய தபால்காரர் சைக்கிளை மிதித்து வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஆருங்கப்பா பிரிச்சது?"

"காத்துல பிரிஞ்சிருக்கும்."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனையை வளைக்கும், கூரை ஓட்டைப் பெயர்க்கும். ஒட்டிய உறையை ஓரமாகக் கிழித்து, உள்ளே இருந்த இரண்டு தாள்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இருந்த தாளில் எனக்கு இடம் கிடைத்த செய்தி இருந்தது. ஆனி முதல் வாரம் சேர வேண்டும், விடுதியில் தங்கத் தகப்பனார் கையெழுத்திட்ட சம்மதத் தாளைக் கொண்டுவர வேண்டும், தாள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்றிருந்தது. இணைக்கப்பட்டதைக் காணோம்.

"அது எங்கிட்ட இருக்குது" என்றார் அப்பா. "அச்சன்டெ ஒப்பு, தகப்பன் கையெழுத்து வேணும்னு தபால்காரரு படிச்சுச் சொன்னாரு. அச்சன் நாந்தானே? என்ற தாளு என்ற சோப்புலதான் இருக்கும்."

சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். சிரித்தபோது பார்த்தேன், நாக்கும் கீழுதடும் ஊதாவாக இருந்தன.

"நாக்கு ஏனுங்கப்பா இப்படி இருக்குது?"

துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "நாவப்பழம்."

"நாவ மரத்துல இப்பத்தானே பிஞ்சு?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"அந்த வாய்க்கா மேட்டு மரத்துல ஒண்ணு ரெண்டு பழுத்துக் கெடக்குது" என்று துண்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தாளைப் பற்றிய கவலை. பழத்தைப் பற்றி யாருக்கு அக்கறை?

அன்று பொழுதோடு அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "அங்க போயி என்ன படிக்கப் போற? எனக்குப் புரியறாப்புலச் சொல்லு. புரிஞ்சா ஒப்பு."

நான் படிக்கப் போனது கோளக் கொத்துகளை. ஒரு கொத்து என்பது பல லட்சம் நட்சத்திரங்கள் ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்பது. நம் பால்வீதியைச் சுற்றி அப்படி நூற்றுக்கு மேல் கொத்துகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் கிழடுகள், ஆயிரம் கோடி வருஷத்துக்கும் மேல் வயது. இந்தப் பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது அவை எப்படி உருவாயின என்பதுதான் கேள்வி. இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, முறத்தில் கடலைக்காயைப் பரப்பினேன். நடுவில் ஒரு குவியல். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்கள்.

அப்பா குனிந்து பார்த்தார். "நம்மூராட்டவே இருக்குது."

"அதேதானுங்கப்பா! நடுவுல இருக்கறது ஊரு. சுத்தியும் கெடக்கறது சாளைங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட வீடு. ஊர் என்றால் மாரியம்மன் கோயிலைச் சுற்றி நாற்பது வீடு, இரண்டு தெரு, ஒரு டீக்கடை. ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் அங்கங்கே சாளைகள். நாங்கள் சாளைக்காரர்கள். அம்மா ஊரில் பிறந்தவள். அவளுடைய அண்ணன், என் மாமா, கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரர். வைகாசியில் கோயில் திருவிழாவான நோம்பி வரும்போது, பூசை முடிந்ததும் தேங்காய் மூடியும் பழமும் திருநீறும் வைத்த தட்டைப் பூசாரி முதலில் நீட்டுவது மாமாவிடம்தான். அதற்குப் பெயர் முதல் தட்டு. முதலில் குடியேறியவர்களுக்கு முதல் தட்டு என்பது வழக்கம்.

முதலில் குடியேறியது யார் என்பதுதான் சண்டை. முதலில் காட்டைத் திருத்தி, கிணறு வெட்டி, சாளை போட்டு உட்கார்ந்தது நாங்கள். பிறகு எல்லாரும் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று கோயில் கட்டினோம், அதைச் சுற்றி ஊர் வந்தது என்பது அப்பா கட்சி. முதலில் ஊர்தான், அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக் காட்டுக்குப் போய்ச் சாளை போட்டார்கள் என்பது மாமா கட்சி. அப்பாவும் மாமாவும் இருபத்தைந்து வருஷமாக இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மாப்பிள்ளை முறை என்பதால் சண்டையில் ஒரு 'ங்க' கூடக் குறையாது. "நீங்க சொல்றது சுத்தப் புளுகுங்க மச்சான்" என்பார் அப்பா. "உங்களுக்குப் புத்தி மட்டுங்க மாப்ள" என்பார் மாமா. அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து காப்பி குடிப்பார்கள்.

முறத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார். "அப்ப மானத்துல எது முன்ன? ஊரா, சாளையா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் பேராசிரியரே இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் என்னை அலையவிட்டுத்தான் வந்தார். அப்பா முறத்தைப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டாரே!

"அதுதானுங்கப்பா கேள்வியே! பால்வீதி வர்றதுக்கு முன்னாலயே கொத்துங்க தனித்தனியா உருவாயிருச்சுன்னு ஒரு கட்சி சொல்லுது. இன்னொரு கட்சி என்ன சொல்லுதுன்னா..."

அப்பா முதல் கட்சியோடு காதை மூடிக்கொண்டார். முறத்திலிருந்த ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டார். "சாளைதான் முன்ன" என்றார். குரல் தழுதழுத்தது. சத்தியமாகத் தழுதழுத்தது.

அடுத்த நாள் காலை டீக்கடைக்குச் செய்தி போய்விட்டது. என் மகள் வானத்தை ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்துவிட்டாள், சாளைதான் முன்பு என்று அப்பா சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் அது சுற்றியிருந்த சாளைகளுக்கெல்லாம் போனது. சாயங்காலம் கொல்லங்கோட்டுச் சந்தையிலிருந்து வந்தவர், "சாளையெல்லாம் மானத்துல இருந்து எறங்குனதாமா, நெசமுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோளக் கொத்தே பொசுங்கியிருக்கும்.

"வாயத் தொறந்தா மூடத் தெரியுதா உனக்கு?" என்றாள். "நா ஊர்ல பொறந்து சாளைக்கு வாக்கப்பட்டவ. நீ பத்த வெச்ச தீயில என்னைய எந்தப் பக்கம் நிக்கச் சொல்ற?"

மூன்றாம் நாள் மாமா வந்தார், கழுத்தில் பைனாகுலர் தொங்க. நெல்லியாம்பதி எஸ்டேட்டிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு மானேஜரிடம் வாங்கியது. அதை வைத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ் எங்கே வருகிறது, யார் வரப்பில் யார் நடக்கிறார்கள் என்று மொட்டை மாடியிலிருந்து கவனிப்பார். அதனால் அவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

"ஏன் அம்முணி, நீ என்னமோ கண்டுபுடிச்சயாமா?"

"நா ஒண்ணும் கண்டுபுடிக்கலீங்க மாமா. ரெண்டு கட்சி இருக்குதுன்னு சொன்னேன். அப்பா ஒரு கட்சியத்தான் கேட்டாரு."

மாமாவின் கண் பளிச்சிட்டது. "இன்னொரு கட்சி என்ன சொல்லுது?"

"மொதல்ல ஒட்டுக்கா ஒரே பெரிய ஆவி மேகம் இருந்துச்சு. அது சுருங்கிப் பால்வீதி ஆகறப்ப, அதுக்குள்ளயே அங்கங்க கட்டிதட்டிக் கொத்தாச்சுன்னு சொல்லுது."

"அப்ப ஊருக்குள்ள இருந்துதான் சாளை."

"அப்படியும் சொல்லலாமுங்க..."

"ரெண்டாங் கட்சிக்காரங்க எந்தூரு?"

"வெளிநாடுங்க மாமா."

"எந்த நாடா இருந்தா என்ன? வெவரந் தெரிஞ்ச மனுசங்க" என்றார் மாமா.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். கேட்கவேண்டுமா? உங்க கட்சி, எங்க கட்சி என்று ஒரு மணி நேரம் ஆகாயத்தில் சண்டை நடந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நோம்பிக்கு முந்தின வாரம் கோயில் வாசலில் கூட்டம் கூடும். அங்கே நான் வந்து எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கு ஒன்றை வானத்துச் சாட்சி வைத்துத் தீர்ப்பது என்று இரண்டு பெரிய மனிதர்கள் முடிவு செய்தார்கள். சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

மாமா போன பிறகு அப்பா சட்டைப் பையைத் தட்டினார். "கூட்டத்துல வந்து 'கொத்துதான் முன்ன'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடு, கண்ணு. அடுத்த நாளு நானே உன்னைய பஸ் ஏத்தி உடறேன்."

"சொல்லலைன்னாங்கப்பா?"

அப்பா பையை இன்னொரு தடவை தட்டினார்.

அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொல்வதில் என்ன நஷ்டம்? ஒரு கட்சி அப்படித்தானே சொல்கிறது? அது முழுப்பொய்கூட இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொன்னால் பெங்களூர். சொல்லாவிட்டால், அத்தை பார்த்து வைத்திருந்த தாராபுரத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பதினாறு எருமை. நல்லவர்தான் என்றார்கள். எருமைகளும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும்.

கூட்டம் பொழுது சாய்ந்து, ஏழரை மணிக்குமேல் நன்றாக இருட்டியதும் கூடியது. சாளைக்காரர்கள் வேப்பமரத்துப் பக்கம், ஊர்க்காரர்கள் கோயில் படிப் பக்கம். அம்மா இரண்டுக்கும் நடுவில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் காட்டிவிட்டுப் பிறகு பேசுவோம் என்று மாமாவிடம் பைனாகுலரை வாங்கிக்கொண்டேன். தெற்கே கொல்லங்கோட்டு மலைக்கு மேலே ஒமேகா சென்டாரி என்ற கொத்து வைகாசியில் நன்றாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரம்தான். பைனாகுலரில் பார்த்தால் உருண்டையாக, பூசினாற்போல இருக்கும்.

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எழுபது பேர். பாதிப் பேர் மலையைப் பார்த்தார்கள், கால்வாசிப் பேர் தங்கள் கண்ணிமையையே பார்த்துவிட்டு "ஆகா" என்றார்கள். ஒருவர், "ராயிமாவு சிந்துனாப்புல இருக்குது" என்றார். ஒரு சாளைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்க சாளையாட்டமே இருக்குதுங்க, ஒரு மாட்டுக் கொட்டாய்தான் கொறையுது" என்றார். வேப்பமரத்துப் பக்கம் ஒரே ஆரவாரம்.

அப்பாவும் வாங்கிப் பார்த்தார். மாமாவின் பொருளைத் தொடமாட்டேன் என்று கொள்கை வைத்திருந்தவர், அன்றைக்குக் கொள்கையைத் தளர்த்தினார். மற்றவர்களைப் போல ஆகா ஊகா என்று சொல்லவில்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் அதை எடுத்துப் பார்த்தார்.

பிறகு நான் பேசினேன். ஆரம்பித்த பிறகு எனக்கே என்னை நிறுத்தத் தெரியவில்லை.

"ஆதியில நட்சத்திரமே இல்லீங்க. கொதிக்கிற ஆவிதான். அது பரவப் பரவ ஆறுச்சு. ஆறுன பொறவு, எங்கெங்க கொஞ்சம் கனமா இருந்துச்சோ அங்க சுத்தியிருந்த ஆவியையும் இழுத்துக்கிச்சு. இழுக்க இழுக்கக் கனம், கனக்கக் கனக்க இழுப்பு. கடைசியில தன் பாரம் தாங்காம உள்பக்கமா இடிஞ்சு விழுந்து, அந்த நெருக்கத்துல லட்சக்கணக்குல நட்சத்திரம் பத்திக்கிச்சு. சட்டியில சோளம் பொரிக்கறப்ப எப்படி? மொதல்ல சும்மா கெடக்கும். சூடு ஏறுனதும் படபடன்னு ஒட்டுக்காப் பொரியும். அதாட்டங்க."

"அதுக்கப்புறம் புதுசாப் பொறக்காதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பொறக்காதுங்கக்கா. அதுல பெரிய பெரிய நட்சத்திரமெல்லாம் வெரசா எரிஞ்சு வெடிச்சுப்போடும். அந்த வெடியில மிச்சம் இருந்த ஆவியெல்லாம் வெளிய அடிச்சுக்கிட்டுப் போயிரும். அப்பறம் எதுல பொறக்கறது? ஒரே ஈத்துதான். அதனாலதான் ஒரு கொத்துல இருக்கறதெல்லாம் ஏறக்கொறைய ஒரே வயசு."

"அம்மாடி, லட்சம் புள்ளைங்க ஒரே ஈத்துலயா!" என்று அந்த அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"வயசு எப்படி அம்முணி தெரியும்?" என்றார் பூசாரி. "ஆராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?"

"நெறத்துல தெரியுமுங்க. வெளிச்சத்தை நெறம் நெறமாப் பிரிச்சுப் பாத்தா அதுக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு தெரிஞ்சு போயிரும். இரும்பு, சுண்ணாம்பெல்லாம் நட்சத்திரத்துக்குள்ள வெந்து வந்ததுதானுங்க. இந்தக் கொத்துங்கள்ல அது ரொம்பக் கம்மி. அப்பன்னா அதுக்கு முன்னால அதிக நட்சத்திரம் எரிஞ்சு முடியலைன்னு அர்த்தம். ஆரம்ப காலத்துல பொறந்தது."

"இரும்பே இல்லாம எப்படி உழுவாங்க?" என்றார் வேப்பமரத்துப் பக்கமிருந்து ஒரு கிழவர்.

"ஆக, சாளைக்காரங்க ஒண்ணுமில்லாதவங்கன்னு மானத்துலயும் எழுதியிருக்குது" என்றார் மாமா. கோயில் படிப் பக்கம் சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கண்ணு. ஆரம்பத்துல பொறந்ததுன்னு நீயே சொல்லிப்போட்ட. அப்ப ஊருக்கு முன்ன சாளைதானே? ஒரு வார்த்தை சொல்லு."

எழுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். மடித்த தாளின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. நான் படித்த படிப்பை வைத்து ஒரு தேங்காய் மூடிக்குச் சாட்சி சொல்லச் சொல்கிறார்களே என்று கோபம். அதைவிட, கிட்டத்தட்ட ஒத்துக்கொள்ளப் பார்த்தேனே என்று என் மேலேயே கோபம்.

"தெரியாதுங்கப்பா" என்றேன்.

"என்னது?"

"எது முன்னன்னு ஆருக்கும் இன்னும் தெரியாது. கொத்துங்க ரொம்பப் பழசு, அது தெரியும். பால்வீதிக்கு முன்னாலயா, கூடவேயான்னு தெரியாது. அதைக் கண்டுபுடிக்கத்தான் போறேங்கறேன். தெரிஞ்சிருந்தா நா எதுக்குப் போகோணும்? அப்படியே தெரிஞ்சாலும், அதை வெச்சு நம்மூர்ல ஆரு மொதல்ல கெணறு வெட்டுனாங்கன்னு சொல்ல முடியாதுங்க. மானம் வேற, மாரியாத்தா கோயில் வேற!"

கடைசி வார்த்தையைக் கத்திவிட்டேன். அப்பா துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்பாவைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டேன் என்பதும், பெங்களூர் போய்விட்டது என்பதும் ஒரே சமயத்தில் உறைத்தது.

நோம்பி நடந்தது. முதல் தட்டு மாமாவுக்கே போனது. அப்பா கோயிலுக்கு வந்தார், கும்பிட்டார், கடைசி ஆளாகத் திருநீறு வாங்கிக்கொண்டார். என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அம்மா இல்லாவிட்டால் கன்றுக்குட்டியிடம் சொல்வார். "வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு" என்று கன்றுக்குட்டியிடம் சொன்னால் அது எனக்கு என்று நான் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கா வீம்பு குறைவு? "நிழல்ல நிக்க எனக்குத் தெரியும்னு சொல்லு" என்று நானும் கன்றுக்குட்டியிடமே சொல்லியனுப்பினேன். பாவம் அந்தக் கன்றுக்குட்டி.

பெங்களூரில் சேரவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு மாமா வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். "மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படிச்சவங்க எத்தனையோ பேரு பேசக் கேட்டிருக்கறேன். தெரியாதுன்னு ஒருத்தி சொல்லி இப்பத்தான் கேக்கறேன். ஆனா வழக்குல நீங்க தோத்தது தோத்ததுதானுங்க."

அப்பா நிமிர்ந்தார். மூன்று வாரமாகச் செத்துக் கிடந்த குரல் எழுந்து உட்கார்ந்தது. "ஆருங்க தோத்தது? தெரியாதுன்னா தோத்ததுன்னு எந்தக் கோர்ட்டுலீங்க மச்சான் சொல்லுவாங்க? கேசு நிலுவையில நிக்குது."

"எப்பத் தீர்ப்பு?"

"புள்ள போயிப் படிச்சுப்போட்டு வந்து சொல்லுவா. அது வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

கை முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டாள். நான் கன்றுக்குட்டியைப் பார்த்தேன். அப்பா உள்ளே போய், நேராகத் திரும்பி வந்து, ஓர் உறையை என் மடியில் போட்டார். சோற்றுப் பருக்கை வைத்து நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. "அங்க போயிக் குடு. வழியில பிரிக்காத" என்றார், கன்றுக்குட்டியிடம் இல்லை, என்னிடம்.

அந்த வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் அன்று மலைக்கு மேலே பார்த்த அந்தக் கொத்து, முன்னொரு காலத்தில் தனியாக ஒரு சின்ன ஊராகவே இருந்து, பெரிய ஊர் அதை விழுங்கியதில் மிஞ்சிய நடுப்பகுதியாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் பேச ஆரம்பித்தார்கள். சில கொத்துகள் இங்கேயே பிறந்தவை, சில வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. முதன்முதலில் அவை எப்படி உருவாயின என்பதில் இன்னும் கட்சிகள் உண்டு. அப்பா சொன்னது போல நிலுவைதான்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டுக்கு அப்பாவும் மாமாவும் வந்தார்கள். மாமா என் கையில் பைனாகுலரைத் திணித்தார். "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பாக்கறாப்புலதான் செஞ்சிருக்கான். நீயும் அப்படியே பாரு" என்றார். அதற்கு அப்பா ஏதோ சொல்ல, அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தும் நிறுத்தவில்லை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் பிரிக்காதே என்று சொன்னால் பிரிக்காமல் இருக்க நான் என்ன வேறு வீட்டுப் பெண்ணா? தபாலைப் பிரிப்பது எங்கள் குடும்ப வழக்கம். பருக்கையைச் சுரண்டி ஓரத்தைக் கிழித்தேன்.

அப்பாவின் கையெழுத்து இருந்தது. ஊதா நிறத்தில்.

எங்கள் வீட்டில் ஊதா மை கிடையாது. ஒரு பேனா உண்டு, அது நீலம். ஊதாவில் எழுதுவது தபால்காரர் காதில் செருகியிருக்கும் பென்சில் ஒன்றுதான். நாக்கில் தொட்டு எழுதினால் மை போலப் பிடித்துக்கொள்ளும், அழிக்க முடியாது. தொட்டவர் நாக்கிலும் இரண்டு நாள் போகாது. தபால்காரர் எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒன்றரை மாதமாகியிருந்தது. பெங்களூர்த் தபால் கொண்டுவந்த அன்று வந்ததுதான்.

முறத்தில் கடலைக்காய் பரப்புவதற்கு முன்பு. எது முன்ன என்று அப்பா கேட்பதற்கு முன்பு. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஆருங்கப்பா பிரிச்சது என்று எகிறுவதற்கும் முன்பு. தபால்காரர் படித்துச் சொன்னதும், அவர் காதிலிருந்த பென்சிலை வாங்கி, நாக்கில் தொட்டு, நின்ற வாக்கிலேயே அப்பா கையெழுத்தைப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு அத்தனை நாளும் பையைத் தட்டித் தட்டி என் உயிரை எடுத்திருக்கிறார்!

பஸ் நகர்ந்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"அப்பா! நாக்கக் காட்டுங்க!"

மாமாவிடம் விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். என் கையில் படபடத்த தாளைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.